தப்புச் சொன்னவனுக்கு ஒரு கிளாஸ் கொயினா

லாரி பின்னால் வந்தது எனக்குத் தெரியவில்லை. யோங் பெங் போகும் செம்மண் சடக்கில் நடுவாக நடந்துகொண்டிருந்தேன். இரும்பு என் தோளை உரசி நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அன்னாசிப்பழம் ஏற்றிய லாரி. ஓட்டி வந்த சீனர் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடினார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல அது என்னிடம் வந்து சேர்ந்தது.

"தெலிங்கா தடா கா?"

காது இல்லையா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் காலடியில் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எழும்பிய தூசி முழுவதும் என் சட்டையில் வந்து ஒட்டியது. முன்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. காய்ந்த இடம் அப்பளம் போல விறைத்துக்கொண்டிருந்தது. உதட்டை நக்கினால் கசந்தது. அது மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா. காதுக்குள் இரைந்ததும் அதுதான்.

அன்று காலைவரை நான் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர் வேலை பழகிக்கொண்டிருந்தவன். மதியத்துக்கு மேல் அது இல்லை.

பல தோட்டங்கள் சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரி அது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. வெள்ளைக்கார டாக்டர் பட்டணத்திலிருந்து எப்போதாவது மோட்டார் வண்டியில் வருவார். மற்ற நாட்களில் எல்லாமே டிரசர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். பரீட்சையில் தேறியவர். அவருக்கு வேலை தெரியும், அதை நான் மறுக்கமாட்டேன். கட்டி கீறுவார், எலும்பு கட்டுவார், குறுக்கே நின்ற பிள்ளையைத் திருப்பி எடுப்பார். ஆனால் ஒருவனுக்கு வேலை தெரிந்திருப்பது வேறு, அதை இன்னொருவன் கைக்கு மாற்றத் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவது அவரிடம் கொஞ்சமும் கிடையாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே நோயாளியாகத்தான். அதற்கு முன் பொந்தியானில் தேங்காய் உரித்தேன். உலு திராம் பக்கம் காடு வெட்டினேன். காட்டில்தான் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிய பிறகு, பொழுது போகாமல் சீசாக்களின் மேல் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பும், பாதிரியார் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் பாதியுமாகப் படித்தவன் நான். சீசா படிக்க அது போதும். டிரசர் கேட்டுக்கொண்டு நின்றார். "எங்கையும் போகாதையும் காணும், இஞ்சை நில்லும்" என்றார். முதலில் வார்டு கூட்டினேன், மலச்சட்டி எடுத்தேன். பிறகு பழகுகிறவர்களோடு சேர்த்தார்.

பழகுகிறவர்கள் என்றால் என்னோடு இன்னொருவன்தான். பொந்தியான்காரன், வேதக்காரக் குடும்பம், கழுத்தில் சிலுவை, என்னைவிட மூத்தவன், என்னைவிடப் படித்தவன். எங்களில் ஒருவனைத்தான் டிரசர் பெரிய ஆஸ்பத்திரிப் பரீட்சைக்கு அனுப்புவார். மற்றவன் சட்டி எடுக்கத் திரும்ப வேண்டியதுதான். ஆகையால் நாங்கள் ஒருவரையொருவர் மனசார வெறுத்தோம். அவன் மடித்து வைத்த கட்டுத்துணியை நான் பிரித்துப் போட்டதுண்டு. என் ஸ்டெதாஸ்கோப்பை அவன் ஒளித்து வைத்ததுண்டு. அதை நாங்கள் குழாய் என்போம்.

டிரசர் பாடம் நடத்துவது கட்டில் ஓரத்தில். நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். துணியை விலக்குவார். விரலால் ஓரிடத்தைக் குத்திக் காட்டி ஒரு கேள்வி கேட்பார். நாம் மூச்சை இழுப்பதற்குள் அடுத்த கேள்வி, அதற்குள் அடுத்தது. பிறகு, "என்ன காணும், வாயிலை கொழுக்கட்டையோ? சொல்லும்!"

தப்பாகச் சொன்னால் கொயினா. பின்னால் ஆயா ஒரு தட்டில் கூஜாவும் கிளாசும் வைத்துக்கொண்டு வருவாள். நோயாளிகளுக்காகக் கரைத்த கொயினாத் தண்ணீர்தான் அது. தப்புச் சொன்னவன் அந்தக் கட்டிலின் முன்னாலேயே ஒரு கிளாஸ் ஊற்றிக் குடிக்க வேண்டும். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்னைப் பழக்கின மனிசன் பிரம்பாலை வெளுத்தவர்" என்று அவர் சொல்வார். "நான் மருந்தெல்லோ தாறன். மலேரியாவும் வராது, மறதியும் வராது."

கொயினா குடித்தால் காது இரையும். இது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிறுத்தி வாயில் ஊற்றும்போது, "காதுக்குள்ள ரயிலு வந்திருச்சு" என்று ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். டிரசரே நோயாளிகளிடம் சொல்வார், காது இரைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம் என்று. அதே மனிதர், அதே வாயால், கொயினா குடித்த இரைச்சல் இறங்காத எங்கள் காதில் குழாயை மாட்டி, நெஞ்சில் என்ன கேட்கிறது என்று கேட்பார். எங்களுக்கு என்ன கேட்கும்? சிள்வண்டு கேட்கும். அதனால் தப்பாகச் சொல்வோம். அதற்கு இன்னொரு கிளாஸ். அதனால் அடுத்த நாளும் சிள்வண்டு.

இது அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் வாய் காட்டியதற்கு ஒரு கிளாஸ்.

நாங்கள் வேறு வழி பிடித்துக்கொண்டோம். குழாயை நெஞ்சில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம். புருவம் ஏறியிருந்தால் உள்ளே கோளாறு, "கொரகொரன்னு கேக்குதுங்க ஐயா" என்று சொல்ல வேண்டும். கண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் ஒன்றுமில்லை, "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். பொந்தியான்காரன் இதில் கெட்டிக்காரன். அவனுக்கு டிரசரின் மூக்கு விடைப்பதில் கூட அர்த்தம் தெரியும். அங்கே இருந்த காலம் முழுக்க நாங்கள் படித்தது ஒரே ஒரு உடம்பைத்தான், டிரசருடைய முகத்தை.

பின்னாளில் வேறோர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழும் சிலர் பழகினார்கள். நான் அன்பானவன் அல்ல. திட்டுவேன். ஆனால் கட்டிலுக்கு முன்னால் நின்று திட்டமாட்டேன், மருந்தறைக்குக் கூட்டிப்போய்த் திட்டுவேன். காரணம் தயவு இல்லை. நோயாளியின் காதில் விழும்படி ஒருவனை மடையன் என்று சொன்னால், அதற்குப் பிறகு அவன் கையால் அந்த நோயாளி மருந்து வாங்கமாட்டார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்டால் ஒரு கேள்வி கேட்பேன், பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவன் யோசிக்கும் நேரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நின்றுதான் ஆகவேண்டும். தெரியவில்லை என்று சொன்னவனை நான் அடித்ததில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னவனை ஒருமுறை அடித்திருக்கிறேன். கற்றுக்கொடுக்க வருகிற டிரசர்களும் டாக்டர்களும் என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஓர் அக்கா கிடந்தாள். பால் வெட்டுகிறவள். காய்ச்சலோடு கொண்டுவந்து போட்டார்கள். வந்த அன்று டிரசரே குழாய் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தம், மலேரியா என்றார். அன்று அது சரியாகவே இருந்திருக்கலாம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்பது எங்கள் பாடம் ஆகிவிட்டது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்து, "சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே வந்தோம்.

அவள் எப்போதும் வலப்பக்கமாகவே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். புரட்டினால் வைவாள். வாய் பெரிய வாய், ஆனால் ஒரு வசவை முடிக்க நடுவில் இரண்டு மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்குவாள்.

"என் முதுகு என்னா... பள்ளிக்கூடத்துப் பலகையா... ஆளுக்கு ஆள் வந்து... தட்டிட்டுப் போறீங்க?"

மருந்து கொண்டு போனால் என்னிடம் வாங்கமாட்டாள். "நீ குடுக்காத தம்பி... ஒனக்குத்தான் ஒண்ணும்... தெரியாதாமே. ஐயாவே சொன்னாரு." தண்ணீர் கேட்பாள், எனக்குக் கேட்காது. இன்னொரு முறை கேட்பாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "செவுட்டு டாக்டரு வந்திருக்காரு" என்பாள். வார்டு சிரிக்கும்.

கங்காணி இரண்டு முறை வந்துவிட்டான். வெட்டுக்கு ஆள் போதவில்லை, படுத்துக்கிடந்தது போதும், அனுப்புங்கள் என்று. டிரசரும் கட்டில் வேண்டும் என்றார். டாக்டர் வந்து ஒருமுறை தலையாட்டிவிட்டால் மறுநாள் அவள் மரத்தடியில் நிற்க வேண்டும். அவள் கக்கூசுக்குப் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மலை மரத்துக்கு வாளி தூக்கிக்கொண்டு ஏறினால் எந்த மரத்தடியில் உட்காருவாளோ, அங்கிருந்து எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் வரும் நாளில் விடிந்ததும் டிரசர் எங்களுக்கு ஒத்திகை வைப்பார். கட்டில் கட்டிலாகப் போய், இங்கே இதைச் சொல்லு, அங்கே அதைச் சொல்லு என்பார். அன்று ஒத்திகையில் நான் இரண்டு கட்டிலில் தவறினேன், பொந்தியான்காரன் ஒன்றில். ஆயா மூன்று முறை ஊற்றினாள். ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும் டிரசர் விரலை மடக்கினார்.

"மலேரியா. நெஞ்சு சுத்தம். நாளைக்கு வெளியிலை. விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

"அந்த மனிசன் கேக்கேக்கை முழிச்சுக்கொண்டு நிண்டீர் எண்டால், கூஜாவோடை வாயிலை கவிழ்ப்பன்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னையப் பத்தி... என்னையக் கேக்காமயே... பேசுறீங்க."

டிரசர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டாக்டர் வரும்போது வெயில் ஏறிவிட்டது. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, அவசரமாக வந்தார். டிரசரோடு ஆங்கிலத்தில் பேசுவார், எங்களோடு மலாயில். ஆண்கள் வார்டை முடித்துவிட்டுப் பெண்கள் வார்டுக்கு வந்தார். ஜன்னலோரக் கட்டிலில் டிரசர் ஏதோ சொன்னார். டாக்டர் அதைப் பாதி கேட்டுக்கொண்டு பொந்தியான்காரனைப் பார்த்து மோவாயை ஆட்டினார். அவன் குழாயை முதுகில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான், ஜெபம் செய்வது போல. பிறகு, "பாகுஸ், துவான்" என்றான். நன்றாக இருக்கிறது என்றான்.

டாக்டர் கால் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. நான் ஒருவன் மீதி நின்றதால்தான் என் பக்கம் விரலை நீட்டினார்.

குழாயை மாட்டினேன். காதுக்குள் காட்டில் இருக்கிற அத்தனை சிள்வண்டும் இரைந்தது. டிரசரின் கண் அடுத்த கட்டிலில் இருந்தது. நான் சொல்ல வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இல்லை. அக்கா கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. செவுட்டுப் பயலே, நீயும் சொல்லு என்பது போலப் பார்த்தாள்.

"அப்பா டெங்கார்?" என்றார் டாக்டர். என்ன கேட்கிறது?

"தா டெங்கார், துவான்" என்றேன். கேட்கவில்லை.

இதில் வீரம் ஒன்றும் கிடையாது. வயிற்றில் இரண்டு கிளாஸ் கொயினா இருந்தது, மூன்றாவதும் நிச்சயம் வரப்போகிறது. அந்தப் பொய்யை அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிரசரின் முகம் எங்களிடம் திரும்பியது. டாக்டர் எரிச்சலோடு திரும்பி வந்தார். குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். என் காதிலிருந்து அதைப் பிடுங்கி, ஊதிப் பார்த்து, தன் காதில் மாட்டி, என் கை விட்ட இடத்திலேயே வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். இடப்பக்கம் மாற்றி வைத்தார். மறுபடி வலப்பக்கம். குழாய் நன்றாகத்தான் இருந்தது. வலப்பக்கம்தான் ஒன்றும் இல்லை. விரலை முதுகில் வைத்து மேலே தட்டிக்கொண்டே இறங்கினார். பாதியில் நிறுத்தினார். டிரசரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். டிரசரின் கழுத்து கறுத்தது.

நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தது. நுரையீரலைச் சுற்றி அது நிறைந்து நின்றதால் மூச்சு வந்து போகும் சத்தம் அந்தப் பக்கம் கேட்கவில்லை. என் காது கேட்காததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கொயினாவும் குடிக்காதவன் நின்றிருந்தாலும் அங்கே கேட்கவில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும்படி அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் பழக்கவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீ செவிடனா என்று மலாயில் கேட்டார்.

"கினா, துவான்" என்றேன். "கினா மாக்கான்." கொயினா தின்றேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் மலாய் இருந்தது, ஆனால் அதற்குள் டிரசர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிவிட்டார். முழுவதும் புரியவில்லை. ஆனால் நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பத்துக் கட்டளை ஒப்பித்தவன். திருட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். கொயினாவை நான் திருடிக் குடித்தேன் என்கிறார்.

பொந்தியான்காரனைப் பார்த்தேன். அவனும் அதே பத்துக் கட்டளையை ஒப்பித்தவன்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் நம்பிவிட்டார். காது கேட்காதவனை வார்டில் வைக்காதே என்று டிரசரிடம் சொன்னது சைகையிலேயே விளங்கியது. என்னால் ஒரு நன்மை வந்தது என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. அவர் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நீள ஊசியைக் கேட்டார். ஊசியைக் கொதிக்கவைப்பது என் வேலை. திருடன் என்றாலும் அதை நான்தான் கொதிக்கவைத்தேன். அக்காவை உட்காரவைத்து, முன்பக்கம் பொந்தியான்காரன் பிடித்துக்கொண்டான். அவள் அவன் தோளைக் கடித்தாள். மஞ்சளாக, கெட்டியாக, கிண்ணம் நிறைய வந்தது. வாடையில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வெளியே போய்விட்டாள். அக்கா இங்கேயே கிடக்க வேண்டும், இன்னும் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை டிரசர் தமிழில் வார்டுக்குச் சொன்னார். தானே கண்டுபிடித்தது போலத்தான் சொன்னார்.

மோட்டார் வண்டி வளைவில் மறைந்ததும் டிரசர் திரும்பி வந்தார். ஆயாவைக் கூப்பிட்டார். கிளாசைத் தன் கையாலேயே நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு முன்னாலை நிண்டு அந்த மனிசனுக்கு வாய் காட்டுறீரோ? குடியும்."

"நான் கேக்கலன்னுதான் சொன்னேன் ஐயா."

"நான் சொல்லச் சொன்னது என்ன?"

"சுத்தம்னு."

"பிறகு?"

கிளாசை வாங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன், பழக்கம். புருவம் ஏறியிருந்தது. கிளாசை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"நீங்க குடிச்சுப் பாருங்க ஐயா. அப்புறம் குழாய மாட்டிக் கேளுங்க."

டிரசர் கிளாசைப் பிடுங்கி என் மேல் வீசினார். தண்ணீர் முகத்திலும் சட்டையிலும் விழுந்தது, கிளாஸ் சுவரில். "கள்ளப்பயலே, வெளியிலை போடா!" என்றார். காணும், நீர், உம் எல்லாம் போய் ஒரே அடியாக டா வந்துவிட்டது. எனக்கு அதுவே மேல் என்று பட்டது.

இதனால் அவர் திருந்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல வருஷம் கழித்து அங்கிருந்து வந்த ஒருவனைப் பார்த்தேன். ஆயா இன்னும் கூஜாவோடு பின்னாலேயே போவதாகச் சொன்னான். பொந்தியான்காரன் பரீட்சைக்குப் போய்த் தேறிவிட்டான் என்றும் சொன்னான். அவன் தேறுவான். பரீட்சை வைக்கிறவருக்கும் முகம் என்று ஒன்று உண்டு.

என்னிடம் இருந்தது ஒரு வேட்டி, ஒரு போர்வை. சுருட்டிக்கொண்டு பெண்கள் வார்டு ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. காது இரைச்சலையும் மீறி வந்தது.

"அடேய் செவுட்டுப் பயலே, நீ ஒன் வாய மூடிக்கிட்டு அந்தச் சிலுவக்காரன் மாதிரி நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சிருந்தா அந்த வெள்ளக்காரன் கடப்பாறையக் கொண்டாந்து என் முதுகுல எறக்கியிருப்பானாடா, நீ வெளங்குவியாடா, ஒன் காது ரெண்டும் அவிஞ்சு போவ!"

நின்றேன். திட்டியதற்காக அல்ல. அந்த வசவு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நடுவில் ஓரிடத்தில் கூட நிறுத்தவில்லை.

"என்னாடா பாக்குற? போ!" என்றாள். போனேன்.

அப்படித்தான் அந்தச் செம்மண் சடக்குக்கு வந்தேன், லாரிக்காரரிடம் துப்பல் வாங்கினேன். யோங் பெங் போய்ச் சேரும்போது கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனக் கடை முன்னால் போர்வையை விரித்தேன், விளக்குமாற்றால் தள்ளினார்கள். அடுத்த கடை முன்னால் விரித்தேன்.

காலையில் சந்தைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக நாலைந்து ஆட்கள் தகரத்தில் எண்ணெய் சுமந்துகொண்டு நின்றார்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு சாக எண்ணெய் ஊற்றுகிறவர்கள். ஒருவன் குறைந்தான் போலிருக்கிறது, ஒரு தகரம் கேட்பாரில்லாமல் தரையில் இருந்தது. அவர்களிடம் வேலை வாங்கும் மண்டோர் குட்டையான ஆள், வாயில் சுருட்டு, யாரையோ வைதுகொண்டிருந்தார். வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"முன்னாடி என்னா செஞ்ச?"

"ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"டிரசரா?"

"இல்ல."

"தொரத்திட்டானுவளா?"

"ஆமா."

"திருடினியா?"

"இல்ல."

"எவன்தான் ஆமான்னு சொல்வான்." சுருட்டை எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "என்னாடா, பேசப் பேச என் வாயையே பாக்குற?"

"காது சரியா கேக்கலங்க. கொயினா குடிச்சது."

"அலமாக்!" என்று சிரித்தார். "எண்ணெ ஊத்தறவனுக்குக் காது எதுக்குலா? கண்ணு அவிஞ்சு போவாம இருந்தா போதும். வா இப்படி." சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தினார். "தண்ணியப் பாரு. என்னா தெரியுது?"

தண்ணீர் இருந்தது. ஒரு இலை இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பிடரியில் கையை வைத்து என் தலையைக் கீழே அழுத்தினார். "என் மூஞ்சியில ஒரு மயிரும் இல்ல. தண்ணியப் பாருடா."

பார்த்தேன். "ஒண்ணும் தெரியலங்க" என்றேன். சொல்லிவிட்டு, மேலிருந்து ஏதாவது ஊற்றுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நின்னுக்கிட்டுப் பாத்தா எவனுக்குத் தெரியும்? படுத்துப் பாரு, சோம்பேறி."

வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தேன். நாற்றம் மூக்கில் ஏறியது. மற்றவர்கள் சிரித்தார்கள். மண்டோர் பக்கத்தில் நின்று சுருட்டை இழுத்துக்கொண்டு, என் சாதியையும் சனத்தையும் விடாமல் வைதார். ஆனால் நகரவில்லை, பதிலையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இலைக்குப் பக்கத்தில் தூசி என்று நான் நினைத்திருந்தது தலைகீழாகத் தொங்கியபடி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த ஓரம் முழுவதும்.

"நெளியுது" என்றேன்.

"எங்க?"

விரலை நீட்டினேன்.

தரையில் இருந்த தகரத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். "அங்க ஊத்து."